லூயி உட்கார்ந்த மேசை: ஒரு நாடகத்துக்கு அரங்கம் அமைத்த அனுபவம்

மேசையை அக்டோபர் மாதம் ஒரு பழைய சாமான் கடையில் 45 யூரோவுக்கு வாங்கினேன். செர்ரி மரம். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவில் பிளந்துகொள்ளும் வகை. பிளந்த இடத்தில் ஒரு தனிப்பலகையைப் பொருத்தினால் 1.60 மீட்டர் மேசை 2.05 மீட்டர் ஆகிவிடும். பிரெஞ்சு வீடுகளில் விருந்தாளி வரும் ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் பலகை வெளியே வரும். மற்ற நாளெல்லாம் துணி சுற்றி அலமாரிக்குப் பின்னால் நிற்கும். எங்களுக்கு வேண்டியதும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

பாரிஸுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பிறந்தது புதுச்சேரி. இங்கே உள்ளூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். நான் மேடை ஏறுவதில்லை. மரவேலை, விளக்கு, ஒலி மூன்றும் என் பொறுப்பு. இந்த முறை எங்கள் இயக்குநர் தேர்ந்தெடுத்தது ழான்-லுக் லகார்ஸ் எழுதிய 'ஜுஸ்த் லா ஃபேன் து மோந்த்'. 'உலகத்தின் முடிவு, அவ்வளவுதான்' என்று தமிழில் சொல்லலாம்.

கதை சின்னது. லூயிக்கு 34 வயது ஆகப்போகிறது. பல வருடங்களாக வீட்டுப் பக்கமே வராதவன். அடுத்த வருடம் தான் இருக்கமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். அதைத் தன் வாயாலேயே வீட்டாரிடம் சொல்லிவிட வருகிறான். அம்மா இருக்கிறாள். அவளோடு தங்கியிருக்கும் தங்கை சூசானுக்கு 23 வயது. தம்பி அந்துவான் ஒரு கருவித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் மனைவி கத்ரீன் இதுவரை லூயியைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் தம்பி கல்யாணத்துக்கே லூயி வரவில்லை. எல்லாரும் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். லூயி சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிப் போகிறான்.

முதல் வாசிப்பு முடிந்து வந்த இரவில் என் மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குப் போனான்?"

ஐந்து மாத வேலை முழுக்க இந்தக் கேள்வி என்னோடேயே வந்தது.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது என் மரவேலையையும் பாதித்தது. லகார்ஸ் 1957 இல் கிழக்கு பிரான்சில் எரிகூரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பெழோ வாகன நிறுவனத்தின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். பெசான்சோனில் படிக்கும்போதே நண்பர்களோடு ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார். தனக்கு எச்ஐவி இருப்பது 1988 இல் அவருக்குத் தெரிந்தது. 1990 இல் ஓர் உதவித்தொகையில் பெர்லினில் தங்கியிருந்தபோது இந்த நாடகத்தை எழுதினார். யாரும் மேடையேற்ற முன்வரவில்லை. 1995 செப்டம்பர் 30 அன்று 38 வயதில் இறந்துபோனார். நாடகம் மேடையைப் பார்த்தது 1999 இல். 2008 இல் பிரான்சின் தேசிய நாடக அரங்கமான கொமெதி-பிரான்சேஸ் அதைத் தன் நாடக வரிசையில் சேர்த்தது. பின்னாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் பாடமாகவும் படித்தார்கள். அவர் இதில் எதையும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

நாடகத்தில் நோயின் பெயர் ஒரு இடத்திலும் வராது. அதனால் ஒத்திகையிலும் அந்தப் பெயரை யாரும் சொல்லவேண்டாம் என்றார் இயக்குநர். அப்போது அது நடிகர்களுக்கான விதி என்றுதான் நினைத்தேன். தச்சனுக்கும் விளக்குக்காரனுக்கும் அதே விதிதான் என்று புரிய ஜனவரி ஆகிவிட்டது.

எங்கள் கூடம் நகராட்சியுடையது. 120 இருக்கை. மேடை 7 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம். நான் முதலில் வரைந்தது ஒரு முழு வீடு. பின்சுவர், பக்கச் சுவர், ஒரு கதவு, பூப்போட்ட சுவர்த்தாள். பல வருடம் கழித்து வருபவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரவேண்டும் அல்லவா? நவம்பரில் மூன்று வார இறுதிகள் அந்தக் கதவுக்கே போயின. 27க்கு 40 மில்லிமீட்டர் ரீப்பரில் சட்டம் அடித்து, மேலே 5 மில்லிமீட்டர் பிளைவுட் பதித்து, 83 சென்டிமீட்டர் அகலத்தில் நிலை செய்து, மூன்று கீல் வைத்தேன். மேடைச் சுவரில் கதவு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதவைச் சாத்தினால் வீடே ஆடும். பின்னால் சாய்வுக்கால் கொடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் 12 கிலோ எடை வைத்த பிறகுதான் ஆட்டம் நின்றது. கதவு விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் பட்டை ஒட்டியதும் சத்தமும் வீட்டுக் கதவின் சத்தம் மாதிரி ஆனது.

நெருப்புப் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது. மேடைக்கும் அரங்குக்கும் நடுவே தீத்தடுப்புத் திரை இல்லாத இந்த மாதிரிக் கூடங்களில் அரங்க அமைப்புக்கான பொருள்கள் எம்1 தரத்தில், அதாவது லேசில் தீப்பற்றாதவையாக இருக்கவேண்டும். சாதாரண பிளைவுட்டுக்கு அந்தத் தரம் கிடையாது. ஆகவே தீ எதிர்ப்புத் திரவத்தை வாங்கி இரண்டு பூச்சு பூசி, டப்பாவையும் ரசீதையும் எடுத்து வைத்தேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடவேண்டும். பெயின்ட் காய்ந்த பிறகு திரவம் மரத்துக்குள் இறங்காது.

அப்புறம் கதவுக்குப் பச்சை அடித்தேன். கிராமத்துச் சமையலறைக் கதவு மாதிரி இருக்கட்டும் என்றுதான். அம்மாவாக நடிப்பவருக்கு 70 தாண்டிவிட்டது, நாற்பது வருடமாக மேடை ஏறுகிறவர். கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிரெஞ்சு மேடையில் பச்சை ஆகாது. 'கயிறு' என்ற வார்த்தையையும் மேடையில் சொல்லக்கூடாது, வேறு பெயரில்தான் கேட்கவேண்டும். நம் கூத்துக்காரர்கள் முகப்பூச்சு பூசுவதற்கு முன் கும்பிடுகிற மாதிரி இதுவும் ஒரு பக்தி. மறுபேச்சில்லாமல் அன்றிரவே பழுப்பு அடித்தேன்.

டிசம்பர் முதல் வாரம் கதவோடு முதல் ஒத்திகை. லூயி கதவைத் திறந்தான், வாசற்படியில் நின்றான், உள்ளே வந்தான். அந்த ஒரு நிமிடத்திலேயே எல்லாம் கெட்டுவிட்டது. கதவு திறந்த விதத்திலேயே பெரிய சோகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு சூசான் பேசிய வரிகள் யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பிரதியை மறுபடி படித்தேன். முன்னுரையில் லூயி தனியாகப் பேசுகிறான். அது முடிந்ததும் முதல் காட்சி. அதில் சூசான் தன் அண்ணிக்கும் அண்ணனுக்கும் அறிமுகம் செய்துவைக்கிறாள். லூயி ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறான்! வரும் காட்சி என்று ஒன்றை லகார்ஸ் எழுதவே இல்லை. அவர் எழுதாத காட்சிக்கு நான் மூன்று வார இறுதி செலவழித்து கதவு செய்திருக்கிறேன். கை கொடுக்கலாமா, கன்னத்தில் முத்தமிடலாமா என்று அங்கே எல்லாரும் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றம்தான் வாசல். கதவைக் கழற்றினேன். சுவர்களையும் கழற்றினேன். மிஞ்சியது மேசையும் ஐந்து நாற்காலிகளும் பின்னால் கறுப்புத் திரையும்.

இடத்தைப் பற்றி லகார்ஸ் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அம்மாவும் சூசானும் இருக்கும் வீடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்லது கிட்டத்தட்ட ஒரு முழு வருடம். ஒரு நாளா, ஒரு வருடமா என்று தச்சனால் முடிவு செய்யமுடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் மேசை பெரிதாகவேண்டும். அது எனக்குத் தெரிந்த விஷயம்.

சரி, மேசைக்கு வருகிறேன். வாங்கியபோது அதில் மூன்று பழுது இருந்தது. தனிப்பலகையின் ஓரத்தில் மூன்று மரமுளைகள், மேசை விளிம்பின் துளைகளில் போய் உட்காரவேண்டியவை. ஒன்று ஒடிந்து துளைக்குள்ளேயே சிக்கியிருந்தது. 10 மில்லிமீட்டர் பிட் போட்டு அதைத் துளைத்து எடுத்து, பீச் மரத்தில் புது முளை வைத்துப் பசை போட்டேன். முளையின் வெளிமுனையை உப்புத்தாளால் கொஞ்சம் கூராக்கிவிட்டால் இருட்டிலும் தடவிப் பொருத்தலாம். மேடைப் பொருளுக்கு இது முக்கியம்.

இரண்டாவது பழுது தொய்வு. பலகை போட்டதும் நடுவில் 4 மில்லிமீட்டர் பள்ளம் விழுந்தது. அடியில் இருக்கும் மரத் தண்டவாளங்கள் இரண்டும் ஐம்பது அறுபது வருடம் இழுத்து இழுத்துத் தேய்ந்திருந்தன. தேய்ந்த பக்கத்தில் 2 மில்லிமீட்டர் கனத்தில் கடினமரப் பட்டை ஒட்டி, கிளாம்பு போட்டு ஒரு இரவு விட்டு, மறுநாள் இழைப்புளியால் சீவிச் சீவி அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரேயடியாகச் சீவினால் திரும்ப ஆடும். இரண்டு சீவல், ஒருமுறை இழுத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு சீவல். சனிக்கிழமை முழுக்க அதுவே வேலை. சாயங்காலம் ஒரு தம்ளர் தண்ணீரை இணைப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். நேராக நின்றது.

மூன்றாவது நிறம். செர்ரி மரம் வெளிச்சம் பட்டால் கருக்கும். மேசை ஐம்பது வருடம் ஜன்னல் வெயிலைப் பார்த்துச் செங்காவி நிறத்துக்கு வந்திருந்தது. துணிக்குள் நின்ற பலகை இன்னும் வெளிர் ரோஜா நிறம். எடுத்துப் போட்டால் மேசை நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. பார்க்கவே கண்ணை உறுத்தியது. கடைகளில் கிடைக்கும் மரச்சாயம் மூன்றை வாங்கி, துண்டுக் கட்டையில் கலந்து பார்த்து, இரண்டு இரவு உட்கார்ந்து நிறத்தைப் பொருத்தினேன். மெழுகும் பூசினேன். எது மேசை, எது பலகை என்று யாராலும் சொல்லமுடியாது. என் கைவேலையில் எனக்கு அவ்வளவு திருப்தி வந்தது அபூர்வம்.

ஜனவரியில் கத்ரீன் காட்சி ஒத்திகை. கத்ரீன் தன் குழந்தைகளைப் பற்றி லூயியிடம் சொல்கிறாள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஆறு. மகனுக்கு லூயி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பெயர் அது, வழிவழியாக வரும் பெயர். அவள் அவனை 'வூ', அதாவது 'நீங்கள்' என்றுதான் அழைக்கிறாள், மற்ற எல்லாரும் 'தூ', அதாவது 'நீ'. நம் வீடுகளில் கணவரின் அண்ணனை 'நீங்க' என்று சொல்லித் தள்ளி நிற்பார்களே, அது எனக்கு உடனே பிடிபட்டது. இந்தக் காட்சியில் இயக்குநர் லூயியை மேசையின் நடுப்பக்கம் உட்காரவைத்திருந்தார். சரியாகத் தனிப்பலகைக்கு நேரே. அவன் இரண்டு கையையும் அதன் மேல் வைத்திருந்தான்.

அந்தப் பலகை எனக்குள் என்னவோ செய்தது. அவன் வந்திருப்பதால்தான் அது வெளியே வந்திருக்கிறது. அவன் போனால் அது உள்ளே போய்விடும். அது ஏன் மற்ற பலகைகளின் நிறத்தில் இருக்கிறது? இந்த வீட்டில் பல வருடமாக யாரும் விருந்துக்கு வரவில்லை என்பதை அந்த வெளிர் நிறம் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. நான் போய் அதன் வாயை அடைத்துவிட்டேன். இயக்குநரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்றார். முடியும். முதலில் 120 எண் உப்புத்தாள், பிறகு 180. செர்ரியைத் தேய்த்தால் உள்ளேயிருந்து முன்பைவிடவும் வெளிர் நிறம்தான் வரும். நிறமில்லாத மெழுகு ஒரு பூச்சு. இரண்டு இரவு வேலை அரை நாளில் தூசியாகப் போனது. எனக்கு வருத்தமே இல்லை.

அந்த வாரத்திலிருந்துதான் ஒரு விஷயம் தெளிவானது. லூயி சாகப்போவது பார்வையாளர்களுக்குத் தெரியும், முன்னுரையிலேயே அவன் சொல்லிவிடுகிறான். வீட்டாருக்குத் தெரியாது. மேடை யார் பக்கம் நிற்கவேண்டும்? வீட்டார் பக்கம்தான். மேசைக்கு அது தெரியக்கூடாது. விளக்குக்குத் தெரியக்கூடாது. ஒலிக்கும் தெரியக்கூடாது. அதுவரை நான் செய்த ஒவ்வொரு தப்பும் ஒரே தப்பு. கதவு, சுவர்க் கடிகாரம், நீல விளக்கு எல்லாமே லூயிக்குப் பதிலாக முந்திக்கொண்டு பேசிவிட்டன.

கடிகாரத்தை ஒத்திகையில் பத்து நிமிடம்தான் வைத்திருந்தோம். டிக் டிக் என்று அவன் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டது. எடுத்துவிட்டேன்.

நீல விளக்குதான் கொஞ்சம் வேலை வாங்கியது. லூயி எங்கே போனாலும் அவன் மேல் மட்டும் குளிர்ந்த ஒளி விழுவதுபோல லீ என்ற கம்பெனியின் 201 எண் நீலத்தாள் போட்ட இரண்டு விளக்குகளை வைத்திருந்தேன். முகம் வெளிறித் தெரிந்தது, நோயாளி மாதிரி. அப்படியானால் அம்மா அதைப் பார்க்கமாட்டாளா? பெற்றவள் கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? இரண்டையும் இறக்கினேன். எல்லார் மேலும் ஒரே வெளிச்சம், ஞாயிறு மதிய வெளிச்சம். ஜன்னல் இருக்கும் திசை என்று 'தோட்டம்' பக்கத்தை வைத்துக்கொண்டேன். இங்கே மேடையின் பக்கங்களை இடது வலது என்று சொல்வதில்லை. பார்வையாளருக்கு இடப்பக்கம் 'தோட்டம்', வலப்பக்கம் 'முற்றம்'. பழைய காலத்தில் பாரிஸின் துயிலரி அரண்மனையின் அரங்கு தோட்டத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருந்ததால் வந்த பெயர்கள். தோட்டத்துப் பக்கம் ஆயிரம் வாட் விளக்குகள் மூன்றுக்கு 202 எண் தாள், அதாவது பாதி நீலம். ஹாலஜனின் மஞ்சளை அது குறைத்துப் பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரும். முற்றத்துப் பக்கம் மூன்று விளக்குகளுக்குத் தாள் எதுவும் இல்லை, அதன் இயல்பான சாயங்கால மஞ்சளே போதும்.

ஒரு நாள், அல்லது ஒரு வருடம் என்றாரே, அதற்காகக் காட்சிக்குக் காட்சி பருவம் மாறுவதுபோல வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தோம். எல்லாரும் விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் செய்தேன். முதல் பகுதியின் பதினொரு காட்சிகளும் ஓடும் நேரம் முழுக்க, தோட்டத்து வெளிச்சம் மெல்லக் குறைந்து முற்றத்து வெளிச்சம் மெல்ல ஏறுகிறது. ஒரே நகர்வு, 55 நிமிடம். யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் நடிகர்களின் நிழல் மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கும்.

இதில் நான் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது, இதே வேலை செய்பவர்களுக்குப் பயன்படும். இந்த நாடகத்தில் மௌனம் நிறைய. ஒருவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, திருத்தி, மறுபடி திருத்தி, சரியான சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார். மற்றவர்களும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தில் மேலே 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். முதலில் குளிர்சாதனம் என்று நினைத்தேன். அது விளக்கு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் பாதி அளவில் வைத்தால் ஹாலஜன் விளக்கின் இழை அதிர்ந்து ரீங்காரம் போடும். முழு அளவிலோ ரொம்பக் குறைந்த அளவிலோ அவ்வளவு கேட்காது. சாதாரண நாடகத்தில் இது காதில் விழவே விழாது. இங்கே ஆறு விளக்கும் 50 சதவீதத்தில் கூட்டாகப் பாடின. 55 நிமிடம் நீளும் என் அருமையான நகர்வில் பெரும்பகுதி நேரம் விளக்குகள் அந்தப் பாதி அளவிலேயே இருந்தன.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தீர்வு இதுதான். மேடைக்கு நேர் மேலே இருந்த விளக்குகளைப் பார்வையாளர்களுக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்கு மாற்றினேன். தூரம் கூடியதால் வெளிச்சம் குறைந்தது, அதனால் அவற்றை 80 சதவீதத்துக்கு மேலேயே ஓட்டமுடிந்தது. பாதி அளவைக் கடக்கும் நேரத்தை, அம்மா பழைய ஞாயிற்றுக்கிழமைக் கார் பயணங்களைப் பற்றி நீளமாகப் பேசும் காட்சியில் வருகிற மாதிரி நகர்த்தினேன். அவர் குரல் கணீர் என்று இருக்கும். ரீங்காரம் அதற்குள் மறைந்துவிட்டது. அப்புறம் மௌனம் நிஜமான மௌனமாக இருந்தது.

இடையில் ஒரு இடைக்காட்சிப் பகுதி வரும், ஒன்பது குட்டிக் காட்சிகள். வீட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டது கேட்பதில்லை. இருட்டில் செய்தோம். இருட்டில் மின்னும் நாடாவை விரல்நக அளவுக்கு வெட்டி மேசை முனைகளில் ஒட்டியது தவிர எனக்கு அதில் வேலை இல்லை.

இரண்டாம் பகுதி அந்துவானுடையது. என்னைக் கேட்டால் முழு நாடகமுமே அவனுடையதுதான். லூயி போகவேண்டும், அந்துவான் அவனைக் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறான், வார்த்தை தடிக்கிறது. அதன் பிறகு அந்துவான் பேசும் நீண்ட பேச்சு இருக்கிறதே, ஒவ்வொரு ஒத்திகையிலும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு நின்று கேட்டேன். தன்னை யாரும் போதுமான அளவு நேசிக்கவில்லை என்று லூயி சின்ன வயதிலிருந்தே எல்லாரையும் நம்பவைத்துவிட்டான். அதனால் அவனுக்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே தம்பி வளர்ந்தான். அதையெல்லாம் அவன் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்கிறான். அண்ணன் சாகப்போவது தெரிந்திருந்தால் இதை அவன் சொல்லியிருக்கவே மாட்டான். சொல்லாமலே காலம் முழுக்க வைத்திருப்பான். லூயி தன் செய்தியை விழுங்கிக்கொண்டதால்தான் தம்பிக்குப் பேச்சு வந்தது. என் மனைவி கேட்ட கேள்விக்கு என்னால் சொல்லமுடிந்த பதில் அவ்வளவே.

அந்துவான் பேசும்போது மேசையின் ஓரத்தில் கைவைத்து நிற்பான். அந்த இடத்தில் விளக்கை மாற்றச் சொன்னார்கள், நான் மறுத்தேன். அவனுக்கும் அதே மதிய வெளிச்சம்தான்.

முடிவுரை பெரிய சவால். லூயி தனியாக நின்று, எப்போதோ தெற்கே ஓர் இரவில் ரயில் பாதையோடு நடந்ததைச் சொல்கிறான். பள்ளத்தாக்கின் குறுக்கே ஓர் உயரமான பாலம், நிலா வெளிச்சம். அங்கே நின்று பெரிதாக ஒரு கத்தல் கத்தியிருக்கவேண்டும், கத்தவில்லை. வீட்டில் சொல்லாமல் விட்டதைவிட இது அவனுக்கு உறுத்துகிறது. நான் மரத்தில் மூன்று மீட்டர் தண்டவாளம் செய்து அலுமினியப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். அழகாகத்தான் வந்திருந்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டேன்.

தண்டவாளத்துக்குப் பதிலாக இயக்குநர் ஒரு யோசனை சொன்னார். அந்துவான் பேசி முடித்த பிறகு, அம்மாவும் சூசானும் தனிப்பலகையைத் தூக்கி எடுப்பார்கள். அந்துவானும் கத்ரீனும் இரண்டு பக்கமிருந்து தள்ளி மேசையைச் சின்னதாக்குவார்கள். விருந்தாளி போன பிறகு எல்லா வீட்டிலும் செய்வது. லூயி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவர்கள் அவனைப் பார்க்கமாட்டார்கள். பலகையோடு நான்கு பேரும் வெளியேறியதும் முடிவுரை.

இறுதி ஒத்திகையில் மேசை மூடவில்லை. அந்த மாதம் மழை அதிகம், கூடத்தில் வெப்பமூட்டி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடும். மரம் ஈரத்தில் ஊதி, மேசைக்கு அடியில் இருக்கும் தண்டவாளங்கள் பாதியில் இறுகிக்கொண்டன. இருவரும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். கத்ரீனாக நடித்த பெண் கண்கலங்கிவிட்டாள், காட்சி கெட்டுப்போனதே என்று. மறுநாள் மாலை முதல் காட்சி.

அன்றிரவு பத்து மணிக்கு மேசையைக் கவிழ்த்துப் போட்டேன். தண்டவாளங்களில் எங்கே உரசுகிறது என்று பார்க்க, பென்சிலைப் படுக்கவைத்து முழு நீளத்துக்கும் கரி தேய்த்து ஒருமுறை மூடித் திறந்தேன். கரி பளபளப்பாக மாறிய இடங்கள்தான் உரசும் இடங்கள். மொத்தம் நான்கு. அங்கே மட்டும் இழைப்புளியை மிக மெல்லியதாக வைத்துச் சீவினேன், பட்டுத்துணி மாதிரி சுருள் வந்தது. பிறகு வெள்ளை மெழுகுவத்தியை எடுத்து இரண்டு தண்டவாளத்திலும் அழுத்தித் தேய்த்தேன். எண்ணெய் போடக்கூடாது, எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். நாற்பது முறை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். ஒரு விரலால் தள்ளினாலே போனது. அடியில் மரம் மரத்தோடு சேரும் அந்த 'டொக்' மட்டும் கேட்டது.

மார்ச்சில் மூன்று காட்சிகள் போட்டோம். முதல் நாள் 90 பேர், மற்ற இரண்டு நாளும் கூடம் நிறைந்தது. மேசை மூடும் இடத்தில் மூன்று நாளும் அந்த 'டொக்' கடைசி வரிசைவரை கேட்டது. அதன் பிறகு லூயி முடிவுரை பேச, மேலே ஒரே ஒரு விளக்கு, 90 சதவீதம், சத்தமில்லாமல்.

என் மனைவி இரண்டாம் நாள் வந்திருந்தாள். அவளுக்கு பிரெஞ்சு புரியும், ஆனால் இந்த நாடகத்தில் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே போவதால் பாதியில் விட்டுப்போனதாகச் சொன்னாள். காரில் வரும்போது ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"நடுவுல அந்த ஒரு பலகை மட்டும் ஏன் வெளுத்திருந்துச்சு?"

சொன்னேன்.

"அவுங்க அதை எடுத்துக்கிட்டுப் போனப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு" என்றாள்.

கூடத்தில் சாமான் வைக்க இடமில்லை என்பதால் மேசை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. கதவின் பிளைவுட்டை அடுத்த நாடகத்துக்கு வெட்டிக்கொண்டோம். தனிப்பலகையைத் துணி சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஏப்ரலில் என் மச்சான் குடும்பத்தோடு வந்தபோது எடுத்துப் போட்டோம், பத்து நாள் அப்படியே ஜன்னல் பக்கம் கிடந்தது. கொஞ்சம் கருத்திருக்கிறது.